குடிச்சா ஏன் தள்ளாடுது, குடிக்காதப்பவும் தள்ளாடுனா என்ன அர்த்தம்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் பிசியோதெரபி பண்றவ. பாலக்கோடு பக்கம் ஒரு சின்ன ரூம், ரெண்டு கட்டில், ஒரு கண்ணாடி, நடக்குறதுக்கு கைப்பிடி கம்பி, அவ்ளோதான் நம்ம செட்டப். முழங்கால் வலி, பக்கவாதம், லாரில இருந்து விழுந்தவங்கன்னு வருவாங்க, ஆனா பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் கொஞ்ச நேரத்துல குடில வந்து நிக்கும். கேக்குறது முக்காவாசி வீட்டம்மாங்கதான், அதுவும் வீட்டுக்காரர வெளிய உக்கார வெச்சிட்டு மெதுவா, "மேடம் ஒண்ணு கேக்கலாமா"ன்னு. திரும்பத் திரும்ப அதே கேள்விங்க வர்றதால இங்க எழுதி வெச்சிடறேன். நான் டாக்டர் கிடையாது, மருந்து எழுதித் தர மாட்டேன், நடைய பாக்குறது என் வேலை, அதப் பத்தி சொல்றேன்.

கேள்வி: குடிச்சா கால் ஏன் தள்ளாடுது? கால்ல பலம் போயிடுதா?

கால் நல்லாத்தான் இருக்கும், பிரச்சனை பின்மண்டைல. அங்க சிறுமூளைன்னு ஒண்ணு இருக்கு, நீங்க ஒரு அடி எடுத்து வெக்கணும்னு பெரிய மூளை முடிவு பண்ணா, அந்த அடி எவ்ளோ தூரம், எவ்ளோ வேகம், எந்த எடத்துல நிக்கணும்னு கணக்கு போட்டு திருத்திக்கிட்டே இருக்கறது இந்த சிறுமூளைதான். உழவு ஓட்டும்போது மாடு கொஞ்சம் விலகுனா கை தானா இழுத்து நேராக்குமே, அந்த மாதிரி. ஆல்கஹால் உள்ள போனதும் மூளைல அடக்கி வெக்கிற சிக்னல் கூடிடும், தூண்டி விடுற சிக்னல் கொறஞ்சிடும், சிறுமூளை அதுல சீக்கிரமே அடி வாங்குற எடம். திருத்தம் லேட்டா வருது, லேட்டா வர்றதால அதிகமா வருது, எடது பக்கம் சாயறத சரி பண்ணப் போயி வலது பக்கம் போயிடறாங்க, அதான் ரோட்டுல எட்டு போட்டு நடக்குறது. நாக்கும் சதைதானே, அதுக்கும் இதே கதி, பேச்சு கொழறது. கண்ண நகர்த்துற சதைக்கும் அப்டித்தான், எதிர்ல வர்ற லைட்டு ரெண்டா தெரியும்.

கேள்வி: நிக்கும்போது பரவால்ல, படுத்தாதான் வீடே சுத்துது, ஏன்?

இது காதுல நடக்குற கூத்து. உள்காதுல மூணு அரைவட்டக் குழாய் இருக்கு, உள்ள தண்ணி மாதிரி ஒரு திரவம், அதுல ஜெல்லி மாதிரி ஒரு சின்ன தடுப்பு. தலை திரும்புனா திரவம் அந்த ஜெல்லிய தள்ளும், தலை திரும்புதுன்னு மூளைக்கு தகவல் போகும். சாதாரணமா ஜெல்லியும் திரவமும் ஒரே எடை, அதனால சும்மா படுத்தா ஒண்ணும் ஆகாது. சரக்கு ரத்தத்துல ஏறுறப்ப ஜெல்லிக்குள்ள முதல்ல போயிடுது, திரவத்துக்கு லேட்டாதான் போகுது, ஜெல்லி லேசாயி மெதக்க ஆரம்பிக்குது, நீங்க சும்மா படுத்திருந்தாலும் தலை சுத்துறதா மூளைக்கு பொய் தகவல் போயிக்கிட்டே இருக்கும். காலைல எறங்கும்போது இதே கதை தலைகீழா நடக்கும், ஜெல்லில இருந்து முதல்ல வெளிய போயிடும், அதான் மறுநாளும் கொஞ்சம் கிறுகிறுன்னு வர்றது. ஒரு காலை தரைல ஊன்னா சுத்தல் கொறையுதுன்னு சொல்வாங்க, தரை நகரலன்னு காலும் கண்ணும் மூளைக்கு சொல்றதால கொஞ்சம் ஆறுதல், அவ்ளோதான்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கங்க, அந்த நெலமைல ஆள மல்லாக்க படுக்க போடாதீங்க. வாந்தி வந்தா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஒருக்களிச்சு படுக்க வெச்சு, முதுகுக்கு தலகாணி முட்டு குடுங்க.

கேள்வி: எங்கண்ணன் ஒரு ஆஃப் அடிச்சாலும் ஸ்டெடியா நிப்பாரு. அவருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?

இதப் பெருமையா சொல்றவங்கள பாத்தாதான் எனக்கு பயம். பல வருஷமா தெனம் குடிக்கிறவங்க மூளை அந்த போதைல நடக்கப் பழகிடுது, தெரிஞ்ச ரோடு, தெரிஞ்ச படி, தெரிஞ்ச வீடுன்னா தடுமாற மாட்டாங்க. திடீர்னு ஒரு நாய் குறுக்க வந்தா பிரேக் அடிக்கிற வேகம் இருக்குல்ல, அது அந்த அளவுக்கு பழகறதில்ல. அதுவும் போக, ஈரலுக்கு இந்த ஸ்டெடி எல்லாம் தெரியாது. நரம்புக்கும் தெரியாது. ஒரு ஆஃப் அடிச்சும் நேரா நிக்கிறாருன்னா அவரு உடம்பு ரொம்ப நாளா ரொம்ப வாங்கியிருக்குன்னு அர்த்தம், அண்ணன பலசாலின்னு நெனைக்காதீங்க.

கேள்வி: ராத்திரி ஒரே ஒரு குவாட்டர். காலைல 6 மணி ஷிஃப்ட்டுக்கு ஓசூர் போகணும், தூங்கி எழுந்துட்டேன்ல, வண்டி ஓட்டலாமா?

இந்தக் கேள்விய சிப்காட்டுக்கு போற பசங்க நெறைய பேரு கேக்குறாங்க, அதனால கணக்காவே சொல்றேன். குவாட்டர்னா 180 மில்லி, அதுல ஆல்கஹால் 42.8 சதவீதம், எடையா பாத்தா கிட்டத்தட்ட 60 கிராம் சுத்த ஆல்கஹால். 60 கிலோ எடை உள்ள ஆம்பளை இத குடிச்சா 100 மில்லி ரத்தத்துல 140, 150 மில்லிகிராம் வரைக்கும் போகலாம். சட்டத்துல அனுமதி 30 தான், மோட்டார் வாகன சட்டம் 185வது பிரிவு. அதாவது அஞ்சு மடங்கு. ஈரல் ஒரு மணி நேரத்துக்கு சுமாரா 15 கொறைக்கும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். ராத்திரி 11 மணிக்கு முடிச்சிட்டு காலைல 5 மணிக்கு வண்டிய எடுத்தா 6 மணி நேரம், 90 போச்சு, இன்னும் 50, 60 ரத்தத்துல ஓடிக்கிட்டு இருக்கு. குளிச்சாச்சு, விபூதி வெச்சாச்சு, ஆளு பளிச்சுனு இருக்கான், ஆனா ஊதச் சொன்னா மெஷின் கத்தும். மொதல் தடவ மாட்டுனா 10,000 ரூபாய் ஃபைன் இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்.

ஃபைன விடுங்க. 60 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி ஒரு செகண்டுக்கு 16, 17 மீட்டர் ஓடும். பிரேக் மேல கால் போறது அரை செகண்ட் லேட்டானா 8 மீட்டர், ஒரு லாரி நீளம். ராயக்கோட்டை ரோட்ல விடியக்காலைல தக்காளி ஏத்திக்கிட்டு வர்ற வண்டிங்க எப்டி வரும்னு உங்களுக்கே தெரியும். தொப்பூர் கணவாய்ல சேலம் பக்கம் எறங்குற எறக்கம் குடிக்காதவனுக்கே பெரும்பாடு, லாரி டிரைவருங்களே அங்க வர்றதுக்கு முன்னாடி மனசுக்குள்ள சாமி கும்புட்டுக்குவாங்க.

கேள்வி: மோர், எலுமிச்சம்பழம், கடுங்காபி, தலைக்கு தண்ணி, எதுல சீக்கிரம் தெளியும்?

எதுலயும் இல்ல. காபி தூக்கத்த கலைக்கும், அப்பறம் தூங்காத குடிகாரனா இருப்பான். ஈரல் அது இஷ்டத்துக்கு அது வேகத்துலதான் வேல செய்யும்.

கேள்வி: பீர்தானே மேடம்?

650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம்னா 41 கிராம் ஆல்கஹால். குவாட்டர்ல மூணுல ரெண்டு பங்கு. ரெண்டு பீர் அடிச்சா குவாட்டர தாண்டியாச்சு. "பீர்தானே"ன்னு எங்கிட்ட சொன்னவரு அப்ப கால்ல மாவுக்கட்டோட உக்காந்திருந்தாரு.

கேள்வி: எங்க வீட்டுக்காரருக்கு காலைல கை நடுங்குது, டீ டம்ளர் புடிக்க முடியல. ஒரு கட்டிங் போட்டா நின்னுடுது. அப்ப சரக்கு மருந்துதானே?

நெறைய வீட்ல இதான் நடக்குது, அதனால கொஞ்சம் விளக்கமா. ரொம்ப நாள் தெனம் குடிச்சா, சரக்கு அமுத்தறத தாண்டி வேல செய்யணும்னு மூளை தன் தூண்டுற சிக்னல ஏத்தி வெச்சிக்கும், ஏத்தத்துல வண்டி ஓட்டுறவன் ஆக்சிலேட்டர அழுத்தி புடிக்கிற மாதிரி. ராத்திரி குடிச்ச சரக்கு எறங்கிடுச்சுன்னா ஏத்தம் முடிஞ்சு சமதளம் வந்தாச்சு, ஆனா கால் இன்னும் ஆக்சிலேட்டர்லயே இருக்கு. கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, வாந்தி வர்ற மாதிரி, எல்லாம் அதான். கடைசியா குடிச்சதுல இருந்து 6, 8 மணி நேரத்துல ஆரம்பிக்கும். கட்டிங் போட்டா நிக்கும், ஆனா அந்த கட்டிங்தான் நாளைக்கு காலைல வரப்போற நடுக்கத்துக்கு அட்வான்ஸ்.

நடுக்கம் எல்லாமே குடியால வர்றதும் கெடையாது. சில குடும்பத்துல அப்பாவுக்கு, அத்தைக்கு எல்லாம் கை நடுங்கும், எழுதும்போதும் டம்ளர் தூக்கும்போதும், குடியே தொடாதவங்களுக்கும். அந்த நடுக்கமும் கொஞ்சம் சரக்கு போட்டா கொறையும், அதுல ஒரு சிலரு அதுக்காகவே குடிக்க ஆரம்பிச்சு மாட்டிக்கிறாங்க. கணக்கு எழுதுற ஒருத்தரு இப்டித்தான் வந்தாரு, கையெழுத்து நேரா வரணும்னு தெனம் மதியம் ஒரு கட்டிங். அதுக்கு மாத்திரை இருக்குங்க, நரம்பு டாக்டர பாருங்கன்னு சொன்னா அவருக்கு நம்பிக்கையே வரல.

இன்னொரு நடுக்கம் இருக்கு, கைய நீட்டி போலீஸ்காரர் வண்டிய நிறுத்துற மாதிரி வெக்கச் சொன்னா உள்ளங்கை படக் படக்னு விழுந்து எழும், கோழி றெக்கை அடிக்கிற மாதிரி. தூக்கம் தலைகீழா மாறி பகல்ல தூங்குறாரு, பேச்சு மாறுதுன்னா அது ஈரல் கெட்டு மூளைய தாக்குற அறிகுறி. பிசியோகிட்ட வராதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரி.

கேள்வி: மாலை போட்டுட்டு ஒரே நாள்ல நிறுத்திட்டாரு. மூணாவது நாள் செவுத்துல பூச்சி ஓடுதுங்கறாரு, யார்கிட்டயோ பேசுறாரு. சாமி வந்துடுச்சுன்னு சொல்றாங்க?

சாமியும் இல்ல, பேயும் இல்ல. தெனமும் நெறைய குடிச்ச உடம்பு டக்குனு நிறுத்துனா முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாளுக்குள்ள இந்த மாதிரி இல்லாதது தெரியறது, உடம்பே உதறது, காய்ச்சல், ஆள் அடையாளம் தெரியாம போறதுன்னு வரலாம். உயிர் போற விஷயம் இது, உடனே 108. ஐயப்பனுக்கு மாலை போடறது, கோயில்ல கயிறு கட்டிக்கிறது எல்லாம் நம்ம ஊர்ல நெறைய பேர குடில இருந்து மீட்டிருக்கு, நான் அத கிண்டல் பண்ண மாட்டேன், அந்த வைராக்கியம் பெரிய விஷயம். ஆனா காலைல கை நடுங்கற அளவுக்கு குடிக்கிறவரா இருந்தா, கயிறு கட்றதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு போயி மாத்திரையோட ஒரு வாரம் இருந்துட்டு கட்டுங்க. சாமி கோச்சிக்காது.

கேள்வி: ரெண்டு நாளா குடிக்கவே இல்ல, ஆனா இன்னும் தள்ளாடுறாரு. பொய் சொல்றாரா?

சந்தேகப்படாதீங்க அக்கா. என்கிட்ட வர்ற எல்லார்கிட்டயும் நான் முதல்ல கேக்குறது இதான், குடிச்சப்ப எப்டி நடக்குறாருன்னு எனக்கு வேணாம், அது எல்லாருக்கும் ஒண்ணுதான், குடிக்காதப்ப எப்டி நடக்குறாருன்னு சொல்லுங்க. ஊர்ல "குடிகாரன் நடை"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிடறோம், அதுக்குள்ள நாலஞ்சு நோய் ஒளிஞ்சிக்கிட்டு இருக்கு.

ஒண்ணு, சிறுமூளையே சுருங்கிப் போறது. பல வருஷ குடில அதோட நடு பாகம் தேயும், அந்த பாகம்தான் காலுக்கும் இடுப்புக்கும். அதனால கை ஓரளவு நல்லா இருக்கும், சட்டை பட்டன் போடுவாரு, கால் மட்டும் அகலமா வெச்சு வெச்சு நடப்பாரு, படகுல நிக்கிறவங்க மாதிரி. வீட்டுலயே பாக்கலாம், தரைல டைல்ஸ் கோட்டு மேல ஒரு கால் விரலுக்கு முன்னாடி இன்னொரு கால் குதிகால் தொடற மாதிரி பத்து அடி நடக்கச் சொல்லுங்க. பக்கத்துல ஒருத்தர் புடிக்கிறதுக்கு நில்லுங்க. பத்து அடில நாலு தடவ வெளிய கால் வெச்சா டாக்டர்கிட்ட காட்டுங்க.

ரெண்டாவது திடீர்னு வர்றது, இதுதான் ஆபத்து. குடிக்கிறவங்க சாப்பிட மாட்டாங்க, நம்ம ஊர்ல களியும் கீரையும் சட்டில ஆறிக் கெடக்கும், இவங்க ஊறுகாய தொட்டுக்கிட்டு முடிச்சிடுவாங்க. வைட்டமின் பி1 உள்ள போறதும் கம்மி, போனாலும் குடல் உறிஞ்சறது கம்மி. அது தீந்து போனா ஒரு நாள் ரெண்டு நாளுக்குள்ள நடை போயிடும், கண்ணு ஒரு பக்கம் திரும்பாது இல்ல ஆடிக்கிட்டே இருக்கும், பேச்சு கொழம்பும். மூணும் சேந்து வரணும்னு இல்ல, ஒண்ணு வந்தாலே ஓடணும். பி1 ஊசிய அன்னைக்கே போட்டா கண்ணு சரியாகறத பாக்கவே ஆச்சரியமா இருக்கும், விட்டுட்டா ஞாபக சக்தி போயி, இப்ப நடந்தது இப்பவே மறந்து போற நெலம நிரந்தரமாயிடும். அதனால தயவுசெஞ்சு ஆஸ்பத்திரில குடிப்பழக்கத்த மறைக்காதீங்க, மயக்கம்னு மட்டும் சொல்லி வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏத்த வெச்சா பி1 இல்லாத உடம்புல அது இன்னும் மோசமாக்கலாம். மானம் போகுதுன்னு மறைச்ச ஒரு அம்மா இன்னைக்கு வீட்டுக்காரருக்கு தெனம் அவங்க பேர சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்காங்க.

கேள்வி: ராத்திரில பாதம் எரியுது, செருப்பு கழண்டது கூட தெரியல. சுகர்னு நெனச்சோம், சுகர் இல்லங்கறாங்க.

நரம்பு நுனி கெட்டுப் போறது. சரக்கே நரம்புக்கு வெஷம், அதோட பி வைட்டமின் பற்றாக்கொறையும் சேருது. நீளமான நரம்பு முதல்ல போகும், அதான் பாதத்துல ஆரம்பிச்சு சாக்ஸ் போட்ட மாதிரி மேல ஏறுது. எரிச்சல், பஞ்சு மேல நடக்குற மாதிரி, அப்பறம் மரத்துப் போறது. கண்ணு பாத்துதான் அடி வெக்கிறாங்க, அதனால இருட்டுல, இல்ல கண்ண மூடி மூஞ்சி கழுவும்போது சாயறாங்க. வெறுங்கால்ல கொல்லைக்கு போகாதீங்க, முள்ளு குத்துனா தெரியாது, தெனம் ராத்திரி உள்ளங்கால பாருங்க. குடிய நிறுத்தி சாப்பாடு நல்லா சாப்ட்டா மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா திரும்பும், எல்லாருக்கும் முழுசா திரும்பும்னு சொல்ல மாட்டேன்.

கேள்வி: குடிச்சிட்டு திண்ணைல தூங்குனான், காலைல எழுந்தா கை மணிக்கட்டு தொங்கிடுச்சு. பக்கவாதமா?

பெரும்பாலும் இல்ல. கைய கட்டில் சட்டத்துலயோ பெஞ்சு முனைலயோ தொங்கப் போட்டு தூங்கியிருப்பாரு. சாதாரண ஆளுன்னா கை மரத்துப் போனதும் தூக்கத்துலயே பொரண்டு படுப்பான், மட்டை ஆனவனுக்கு அந்த அலாரம் அடிக்காது, மேல் கை எலும்ப ஒட்டி ஓடற நரம்பு மணிக்கணக்கா நசுங்கும். மணிக்கட்ட தூக்க முடியாது, விரல நீட்ட முடியாது. முக்காவாசி பேருக்கு சில வாரத்துல இருந்து சில மாசத்துல திரும்பிடும், அதுவரைக்கும் பட்டை போட்டு மணிக்கட்ட தூக்கி வெக்கணும், பயிற்சி செய்யணும். எண்ணெய் போட்டு முறுக்கி நீவறேன்னு யாரும் ஆரம்பிக்காதீங்க. வாயும் கோணியிருந்தா, காலும் வரலன்னா அது வேற, அடுத்த கேள்விய பாருங்க.

கேள்வி: "போதைல கெடக்குறான்"னு விட்டுட்டோம், அப்பறம் பாத்தா...

இத நான் ஆறாத மனசோடதான் எழுதறேன். எங்க மாமா ஒருத்தர் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சுல சாஞ்சு கெடந்தாரு, வாய் கொழறிச்சு, பக்கத்துல போனா லேசா வாடையும் அடிச்சிருக்கு, காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும் ஊரே தாண்டிப் போச்சு. குடிச்சது உண்மைதான், ஆனா வலது பக்கம் விழுந்து போனதும் உண்மை. ரத்தக்குழாய் அடைப்பு பக்கவாதத்துல கட்டிய கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அந்த நேரம் பெஞ்சுலயே போயிடுச்சு.

போதை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தள்ளாட வெக்கும். ஒரு பக்கம் மட்டும் வாய் கோணுனா, ஒரு கை மட்டும் கீழ எறங்குனா, அது போதை இல்ல. சிரிக்கச் சொல்லுங்க, ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க, அவ்ளோதான் டெஸ்ட். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவரு சாப்பிடாம குடிச்சா சர்க்கரை எறங்கியும் இதே மாதிரி தள்ளாடுவாரு, வேர்த்து ஊத்தும். மண்டைல அடிபட்டவரு ரெண்டு வாரம் கழிச்சு கூட மண்டைக்குள்ள ரத்தம் சேந்து நடை மாறலாம், குடிக்கிறவங்களுக்கு அது வர்ற வாய்ப்பு அதிகம், விழுந்தது அவங்களுக்கே ஞாபகம் இருக்காது. குறட்டை வித்தியாசமா இருந்தா, தட்டி எழுப்புனா எழலன்னா, மூச்சு நடுவுல நின்னு நின்னு வந்தா, தூங்கட்டும்னு விடாதீங்க.

கேள்வி: 30 வயசுதான், இடுப்புல இருந்து நொண்டி நடக்குறான். செருப்புல ஒசரம் கூட்டற லிஃப்ட் போட்டும் சரியாகல?

சம்மணம் போட முடியலையா, தொடை இடுக்குல வலியான்னு கேளுங்க. தொடை எலும்போட பந்து மாதிரி இருக்கற தலைக்கு ரத்த ஓட்டம் நின்னு எலும்பு செத்துப் போற நோய் ஒண்ணு இருக்கு. அடிபடாம வர்றதுக்கு ரெண்டு பெரிய காரணம், ஒண்ணு ஸ்டீராய்டு மருந்து, இன்னொண்ணு குடி. ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுக்கணும். சீக்கிரம் கண்டுபுடிச்சா மூட்ட காப்பாத்த வழி இருக்கு, லேட்டானா மூட்டு மாத்தணும்.

கேள்வி: கஞ்சா இயற்கைதானே, அது நடைய ஒண்ணும் பண்ணாதுன்னு பையன் சொல்றான்?

அரளி விதை கூட இயற்கைதான். கஞ்சால இருக்கற பொருள் போயி ஒட்டற எடங்கள் சிறுமூளைலயும், அசைவ ஆரம்பிச்சு வெக்கிற ஆழமான மூளை பாகத்துலயும் நெறைய இருக்கு. சரக்கு மாதிரி பப்ளிக்கா தள்ளாட வெக்காது, அதான் ஏமாத்துது. நேரம் நீளமா தெரியும், எதிர்ல வர்ற வண்டி எவ்ளோ தூரம்னு கணக்கு தப்பும், வண்டி கோட்ட விட்டு அலையும். சரக்கும் கஞ்சாவும் சேந்தா ரெண்டும் தனித்தனியா பண்றத விட மோசம்.

கேள்வி: மாத்திரை, ஊசி, பவுடர்?

வலி மாத்திரை, தூக்க மாத்திரை வகை எல்லாம் உடம்ப சொணங்க வெக்கும், உக்காந்தபடியே தலை தொங்கும், கண்ணு பாப்பா ஊசி முனை மாதிரி சுருங்கினா அபின் வகை. சரக்கோட சேந்தா தள்ளாட்டத்தோட நிக்காது, மூச்சே நின்னுடும். ஊசி போட்டுக்கற பசங்களுக்கு கைல ரத்தக்குழாய் அடைச்சு விரல் கருத்துப் போயி எடுக்க வேண்டி வந்திருக்கு. மெத் மாதிரி பவுடருங்க நேர் எதிர், நிக்க முடியாது உக்கார முடியாது, பல்ல கடிச்சிக்கிட்டே இருப்பாங்க, தோல சொறிஞ்சிக்கிட்டே இருப்பாங்க, பின்னாடி பார்க்கின்சன் மாதிரி நோய் வர்ற வாய்ப்பும் கூடும்.

தெருவுல விக்கிறதுல உள்ள என்ன இருக்குன்னு விக்கிறவனுக்கே தெரியாது. 1982ல அமெரிக்கால கலிபோர்னியால ஹெராயின் மாதிரி ஒண்ண யாரோ திருட்டுத்தனமா தயாரிச்சு, அதுல எம்.பி.டி.பி.ன்னு ஒரு கழிவு கலந்துடுச்சு, போட்டுக்கிட்ட இளவட்டப் பசங்க செல பேரு கொஞ்ச நாள்ல செலை மாதிரி ஒறைஞ்சு போயிட்டாங்க, பேச முடியல, அசைய முடியல. வில்லியம் லாங்ஸ்டன்னு ஒரு நரம்பு டாக்டர்தான் இது வயசானவங்களுக்கு வர்ற பார்க்கின்சன் மாதிரியே இருக்குதேன்னு கண்டுபுடிச்சாரு. அந்த பசங்க முழுசா குணமாகவே இல்ல.

கேள்வி: ஸ்கூல் பசங்க பஞ்சர் சொல்யூஷன் மோந்து பாக்குறாங்க, அது சும்மா வாசனைதானே?

டொலுயீன்னு ஒரு கரைப்பான் அதுல இருக்கும். மூளை வயர் மேல இருக்கற வெள்ளை உறைய கரைக்கும், தொடர்ந்து பண்ணா கை நடுக்கம், தள்ளாட்டம், கண்ணு ஆட்டம். பஞ்சர் கடைக்காரங்க சின்னப் பசங்க வந்து ட்யூப் கேட்டா குடுக்காதீங்க அண்ணா.

கேள்வி: குட்கா, பான் மசாலாவுக்கும் அசைவுக்கும் என்ன சம்பந்தம்?

தாடைக்கு சம்பந்தம் இருக்கே. பாக்கு வாய் உள்தோல நார் நாரா இறுக்கிடும், கொஞ்சம் கொஞ்சமா வாய் தொறக்க முடியாம போகும், அது கேன்சராவும் மாறலாம். உங்க மூணு விரல நிமித்தி வெச்சு வாய்க்குள்ள போகுதான்னு பாருங்க. ரெண்டு விரல்தான் போகுதுன்னா பல் டாக்டர். லாரி டிரைவர் ஒருத்தரு கழுத்து வலின்னு வந்தாரு, கொட்டாவி விட்டப்ப பாத்தேன், வாய் ஒரு விரல்தான் தொறந்துச்சு.

கேள்வி: கள்ளச்சாராயம் குடிச்சு பொழச்சவங்களுக்கு கண்ணு மட்டும்தான் போகுமா?

கள்ளச்சாராயத்துல கலந்திருக்கற மெத்தனால்ங்கற விஷம் உடம்புல போயி ஃபார்மிக் அமிலமா மாறுது, கண் நரம்பையும் தாக்கும், மூளைல அசைவுக்கான ஆழமான பாகத்தையும் தாக்கும். பொழச்சவங்கள்ல சில பேரு அப்பறம் மெதுவா, எறுக்கமா, முகத்துல அசைவே இல்லாம நடப்பாங்க. குடிச்ச உடனே சாதா போதை மாதிரிதான் இருக்கும், அரை நாள், ஒரு நாள் கழிச்சுதான் கண்ணு பனி மூடுன மாதிரி ஆகும், வயிறு பொரட்டும், மூச்சு வாங்கும். அதுக்குள்ள போனா மருந்து இருக்கு, டயாலிசிஸ் இருக்கு. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில 60 பேருக்கு மேல போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, 2008 மே மாசம் பெங்களூரு, கோலார் பக்கமும் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துலயும் சேத்து நூறு பேருக்கு மேல போனத நம்ம ஊர்க்காரங்களே மறந்துட்டாங்க. கூட குடிச்சவன் ஒருத்தன் படுத்துட்டான்னா, நல்லா இருக்கறவனையும் சேத்து ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க.

கேள்வி: எருது விடும் விழால கொஞ்சம் போட்டாதான் தைரியமே வரும்ங்கறாங்க?

தைரியம் வரும், ஒதுங்கற வேகம் போயிடும். மாடு குடிக்காம ஓடி வருது. தை, மாசில என் ரூம் நெறையறது இதனாலதான்.

கேள்வி: தெரியாம சாப்பாட்டுல பவுடர் கலந்து குடுத்தா குடிய நிறுத்திடுவாங்களாமே, விளம்பரத்துல பாத்தோம்?

செய்யாதீங்க. குடி நிறுத்த டாக்டர் குடுக்கற ஒரு மாத்திரை இருக்கு, அத எடுத்துட்டு குடிச்சா மூஞ்சி செவந்து, வாந்தி, நெஞ்சு படபடப்பு, பிரஷர் எறங்கி உயிருக்கே ஆபத்தாகும். அது அவருக்கு தெரிஞ்சு, ஒத்துக்கிட்டு எடுக்க வேண்டியது. விளம்பர பவுடர்ல என்ன இருக்குன்னு பாக்கெட்ல எழுதியிருக்காது.

கேள்வி: நிறுத்தினா நடை திரும்புமா?

ஓரளவு திரும்பும், சில பேருக்கு நல்லாவே திரும்பும். நெசமா நிறுத்துனா முதல் சில மாசத்துலயே நிக்கிற பேலன்ஸ் கூடும், சிறுமூளை தேஞ்சது முழுசா வளராது, ஆனா மிச்சம் இருக்கறது வேலைய கத்துக்கும். சதையும் குடில மெலிஞ்சிருக்கும், தரைல இருந்து எழும்போது தொடையப் புடிச்சி எழுவாங்க, அது சாப்பாட்டுலயும் பயிற்சிலயும் திரும்பும். நான் குடுக்கற பயிற்சி பெருசா ஒண்ணும் இல்ல, செவுத்த ஒட்டி நின்னு ஒத்தக்கால்ல பத்து செகண்ட், சேர்ல இருந்து கை ஊனாம எழறது பத்து தடவ, கோட்டு மேல நடை, தெனம் ரெண்டு வேளை. குடிச்சிருக்கற அன்னைக்கு மட்டும் செய்யக்கூடாது, விழுந்துடுவாங்க. வீட்ல கக்கூஸ் கிட்ட ஒரு கைப்பிடி, ராத்திரில ஒரு சின்ன லைட்டு.

கேள்வி: எங்க போறது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஊர்லயும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, மனநல பிரிவுன்னு கேட்டு போங்க, "பைத்தியம்னு சொல்லிடுவாங்க"ன்னு தயங்காதீங்க, குடி மீட்புக்கு அங்கதான் பாப்பாங்க. ஓசூர் பக்கம் இருக்கறவங்க பெங்களூரு நிம்ஹான்ஸ்ங்கற மனநல, நரம்பு ஆஸ்பத்திரிக்கு போறாங்க, ஓசூர் ரோட்லயே இருக்கு, போதை மீட்புக்கு தனி பிரிவும் உண்டு. போன்ல பேசணும்னா போதை மீட்புக்கு 14446, மனசு சரியில்லன்னா 14416, அவசரம்னா 108.

போகும்போது ஒரு வேலை செய்யுங்க, அவரு குடிக்காத நேரத்துல, காலைல, வாசல்ல இருந்து மாட்டுக்கொட்டாய் வரைக்கும் நடக்குறத போன்ல ஒரு நிமிஷம் வீடியோ எடுத்துட்டு போங்க. டாக்டர் முன்னாடி எல்லாரும் நெஞ்ச நிமித்திக்கிட்டு நல்லாத்தான் நடப்பாங்க.